புள்ளி இரண்டு

அளத்துறைக்குக் கடல் வர நாற்பத்திரண்டு நாள் இருந்தது.

அறிவிப்பில் அப்படி எழுதியிருக்கவில்லை. ‘ஊரின் பதினான்கு இறைப்பு மோட்டார்களும் ஏப்ரல் முதல் தேதி காலை ஆறு மணிக்கு நிறுத்தப்படும்’ என்று மட்டும் இருந்தது. ஆனால் ஊர் கடல் மட்டத்துக்கு ஐந்தடி கீழே கிடந்தது. சுவர் கடலைத் தடுத்தது. சுவருக்கு அடியில் கசிந்து வந்ததை மோட்டார்கள் இரவும் பகலுமாக வெளியே தள்ளின. அவை நின்றால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

குழலியின் கணவன் வீரசேகர் அந்த மோட்டார் கொட்டகையில்தான் மெக்கானிக். காலையில் அறிவிப்பைப் படித்துவிட்டு, ஏழாம் நம்பர் மோட்டாருக்கு கிரீஸ் போடப் போய்விட்டான். கேள்வி கேட்டவள் அவன் தங்கை ரோகிணி.

“அண்ணி, நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க? இது என்ன கணக்கு?”

ரோகிணி கருவாட்டுக் களத்தில் குனிந்து நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். குழலி பேருந்துக்குப் போகும் வழியில் நின்றாள்.

“நாடு முழுக்க ஒரு வருஷத்துல நூறு ரூபாய்க்கு வேலை நடக்குதுன்னு வெச்சுக்க. அதுல இருபத்தெட்டு ரூபாய்க்கு மேல அரசாங்கம் செலவு பண்ணக் கூடாது. சட்டம்.”

“இப்ப எவ்வளவு பண்ணுது?”

“இருபத்தெட்டு புள்ளி ரெண்டு.”

ரோகிணி நிமிர்ந்தாள். “அந்தப் புள்ளி ரெண்டு நாமதானா?”

“நாம மட்டுமில்ல. நானூறு இடத்துக்கு மேல இருக்கு. எதை மூடினா நாட்டோட வேலை ரொம்பக் குறையாதோ, அதைத்தான் தராசு முதல்ல எடுக்கும்.”

“அப்ப நம்ம ஊர்ல வேலையே நடக்கலைங்குதா?” செதில் ஒட்டிய இரண்டு கைகளையும் நீட்டினாள். “இதைக் கொண்டுபோய் உங்க தராசுல வைங்க.”

பேருந்து வந்துவிட்டது.

தராசு என்பது ஜனங்கள் வைத்த பெயர். அதிகாரப்பூர்வமான பெயர் நீளமானது, யாரும் சொல்வதில்லை. அரசு செலவு நாட்டின் பொருளாதாரத்தில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் கோடு வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அதைக் கொண்டுவந்தார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே அந்தக் கோடு உண்டு. இப்படியே போனால் அரசாங்கம் நாட்டை விழுங்கிவிடும் என்று பயந்தார்கள். எதை வெட்டுவது என்று மனிதர்கள் உட்கார்ந்து பேசினால் சண்டைதான் மிஞ்சியது. எனவே எந்தக் கட்சிக்கும் எந்த ஊருக்கும் சாயாத ஓர் இயந்திரத்திடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அது சாயவும் இல்லை. முப்பத்தொரு வருஷமாக ஒருவரும் அதைக் குற்றம் சொன்னதில்லை.

அதே சட்டத்தில் ஒரு நல்ல காரியமும் செய்திருந்தார்கள். நாட்டின் பொருளாதாரம் என்றால் சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டுமில்லை. வீட்டில் சமைப்பது, பிள்ளையைப் பார்ப்பது, படுத்திருப்பவருக்குச் செய்வது எல்லாமே வேலைதான், அதற்கும் மதிப்புப் போட வேண்டும் என்று எழுதினார்கள். அதற்காக மாதம் ஒருமுறை எல்லா வீடுகளுக்கும் தராசு போன் செய்யும். இனிமையான குரலில், “இன்று என்ன செய்தீர்கள்?” என்று கேட்கும். சொன்னதை மணிக்கணக்காக மாற்றிப் பதிந்துகொள்ளும்.

தராசு சரியாகப் பதிகிறதா என்று பார்க்க, ஆயிரம் அழைப்பில் ஒன்றை மனிதக் காது மறுபடி கேட்க வேண்டும். குழலியின் வேலை அது. நாகப்பட்டினத்தில் ஒரு மாடி அறை, ஒரு ஹெட்போன், ‘சரி’, ‘தவறு’ என்று இரண்டு பொத்தான்கள். பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊழியர்கள் சொந்த ஊர் அழைப்புகளைக் கேட்கக் கூடாது என்று விதி இருந்தது. விதி வந்த நாளிலிருந்து அவள் அதை மீறியதில்லை. அறிவிப்பு வந்த ஆறாம் நாள் மீறினாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஊரின் கணக்கு ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்று பார்க்க நினைத்தாள், அவ்வளவுதான். பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது ரோகிணியின் பெயர்.

“இன்று என்ன செய்தீர்கள்?”

“நானா?” ரோகிணியின் குரல் சிரித்தது. “நான் என்ன செஞ்சேன், சும்மாதான் இருந்தேன்.”

“நன்றி. மீண்டும் அழைக்கிறேன்.”

பக்கத்துக் கட்டத்தில் பதிவு: வேலை நேரம், பூஜ்யம். பழக்கத்தில் குழலியின் விரல் ‘சரி’ பொத்தானுக்குப் போனது. போய், அங்கேயே நின்றது.

தேதியைப் பார்த்தாள். ஜனவரி பதினாறு. அன்று அவள் ரோகிணி வீட்டில்தான் இருந்தாள். ரோகிணி விடியலில் இரண்டு கூடை மீன் ஆய்ந்தாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனாரைக் குளிப்பாட்டினாள். ஒன்பது பேருக்குச் சமைத்தாள். போன் வந்தபோது அவள் தோளில் போனை இடுக்கிக்கொண்டு மாவு அரைத்துக்கொண்டிருந்ததுகூட ஞாபகத்துக்கு வந்தது.

மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை இரைச்சல் நீக்கியை அணைத்துவிட்டுக் கேட்டாள். கிரைண்டர் ஓடும் சத்தம் வந்தது. குக்கர் விசில் வந்தது. ஒரு கிழவர் இருமினார். “இருங்க மாமா, தண்ணி தரேன்” என்று போனுக்கு வெளியே ஒரு குரல். தராசு இத்தனையையும் இரைச்சல் என்று கழுவித் துடைத்துவிட்டு, ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டிருந்தது.

அவள் அடுத்த அழைப்பைக் கேட்டாள். சும்மாதான். அடுத்தது. வீட்லதாங்க, சும்மா. அதற்கடுத்தது. என்னத்தைச் செஞ்சேன், சும்மா கெடக்கேன். தெரு முழுக்கச் சும்மா இருந்தது.

பூஜ்யங்களைவிட வேறொன்றுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. இந்தப் பதிலை அவள் முதன்முறையாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ‘சரி’ என்று அழுத்தியிருக்கிறாள். தமிழ்க் காதுக்கு அதில் தவறாக எதுவும் கேட்காது.

அதிகாரி ஜபருல்லா டீ குடித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். பேசினால் எதிராளி சொன்னதைத் திருத்துவதற்காகத்தான் பேசுவார்.

“சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்.”

“எத்தனையாவது?”

“எங்க ஊர் அழைப்பைக் கேட்டேன்.”

அவர் கோப்பையை வைத்தார். “நீ சொன்னது என் காதுல விழல. அடுத்து?”

அவள் சொன்னாள்.

“குழலி, ஊருக்காகப் பேசறியா, கணக்குக்காகப் பேசறியா?”

“ரெண்டும்தான் சார்.”

“ரெண்டுன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஊரை விடு. சொல்லைப் பிடி. சொல் திருத்த விண்ணப்பம்னு ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் யாரும் போட்டதில்லை. நேரா தராசுகிட்டயே பேசணும்.”

மறுநாள் காலை இருவரும், தராசுடன் பேசுவதற்கென்றே இருந்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்தார்கள். போனில் வரும் அதே இனிமையான குரல்தான்.

“‘சும்மா’ என்ற சொல்லுக்கு என் அகராதியில் பதினோரு பொருள்கள் உள்ளன,” என்றது தராசு. “இன்று என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பதிலாக வரும்போது ‘வேலையின்றி’ என்ற பொருளை எடுக்கிறேன்.”

“அதைத்தான் எடுக்கணும்னு யார் சொன்னா?” என்றாள் குழலி.

“நீங்கள். உங்கள் அலுவலகத்தின் மறுகேட்பாளர்கள் இதுவரை இரண்டு லட்சத்துப் பதினேழாயிரம் முறை ‘சரி’ என்று குறித்திருக்கிறார்கள். அதில் நாலாயிரத்து எண்பது முறை குறித்தது நீங்கள், குழலி.”

அது குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு முகம் எரிந்தது.

“நான் தப்பாக் குறிச்சேன்.”

“அப்படியென்றால் சரியான பொருள் என்ன?”

ஜபருல்லாதான் பேசினார். “நாள் பூரா வேலை செஞ்சவங்க, அதை வேலைன்னு சொல்லிக்கக் கூச்சப்பட்டா சொல்ற வார்த்தை அது.”

“ஏற்கத்தக்க பொருள். ஆனால் எனக்கு எண் தேவை,” என்றது தராசு. “ஒரு ‘சும்மா’ என்றால் எத்தனை மணி நேரம்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறையில் முதன்முறையாக ஜபருல்லா சிரித்தார்.

தராசு இரண்டு நிபந்தனைகள் வைத்தது. அறுநூறு பெண்களிடம் மறுபடி கேட்க வேண்டும். அதில் அளத்துறைக்காரர்கள் ஐம்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து மாவட்டங்களிலிருந்து மறுகேட்பாளர்கள் வந்தார்கள். குழலி செய்தது ஒன்றுதான்: கேள்வியை மாற்றினாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். எனவே, யார் செய்தது என்று கேட்கச் சொன்னாள்.

அளத்துறையில் கேட்க வந்தது மயிலாடுதுறைக்காரர் ஒருவர். ரோகிணி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குழலி பேசக் கூடாது என்பதால் வேலியருகே நின்றாள்.

“காலையில அடுப்புப் பத்த வெச்சது யாரும்மா?”

“நான்தான்.”

“தண்ணி பிடிச்சது?”

“நான்தான்.”

“பெரியவரைத் திருப்பிப் படுக்க வெச்சது?”

“நான்தான். நாலு வாட்டி.”

பதினேழாவது ‘நான்தான்’ வந்தபோது ரோகிணி நிறுத்தினாள். “ஏங்க, எல்லாத்துக்கும் நான்தானா? எங்க வீட்ல வேற ஆளே இல்லையா?”

உள்ளேயிருந்து அவள் கணவன் எட்டிப் பார்த்தான். “ஏன், ஐஸ் கட்டி வாங்கிட்டு வந்தேன்ல?”

“அதையும் எழுதிக்குங்க. பாவம், மனசு கஷ்டப்படப் போறார்.”

வந்தவர் எழுதினார். எழுதிவிட்டு, தன் பாட்டுக்கு ஏதோ யோசித்தபடி பேனாவை மூடினார். போகும்போது வேலியருகே வந்து, “எங்க வீட்டுக்காரம்மாவும் இப்படித்தாங்க சொல்லுவா,” என்றார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார்.

இதற்கிடையில் நாட்கள் ஓடின. மூடும் ஊர்க்காரர்களுக்காகப் பெரம்பலூர்ப் பக்கம் கட்டியிருந்த குடியிருப்பில் வீட்டுக்கொரு அறை எண் ஒதுக்கி வந்துவிட்டது. குழலி வீட்டுக்கு நானூற்றுப் பதினொன்று. சிலர் கட்டில்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். உப்பளத்துக்காரர்கள் பாத்தி கட்டுவதை நிறுத்தினார்கள். வீரசேகர் மட்டும் நாள் தவறாமல் பதினான்கு மோட்டார்களையும் துடைத்தான்.

“நிறுத்தப் போறதை எதுக்குத் துடைக்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“நிக்கிற அன்னிக்குத் தானா நிக்கக் கூடாது. நான் நிறுத்தினாத்தான் நிக்கணும்,” என்றான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். அவன் தட்டில் சோறு மீதி இருந்தது.

மார்ச் இருபத்துநான்கு, காலை பதினோரு மணிக்கு முடிவு சொல்வதாகத் தராசு சொல்லியிருந்தது. சின்ன அறையில் ஜபருல்லாவும் குழலியும். குழலி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“அறுநூறு பதில்களும் சரிபார்க்கப்பட்டன,” என்றது குரல். “ஒரு ‘சும்மா’ சராசரியாக எட்டு மணி நாற்பது நிமிடம். சொல் திருத்தம் ஏற்கப்படுகிறது. தமிழ் பேசும் வீடுகளின் கணக்கு திருத்தப்பட்டது. நாட்டின் பொருளாதாரம் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெருகியிருக்கிறது. அரசு செலவின் பங்கு இப்போது இருபத்தேழு புள்ளி ஒன்பது ஏழு.”

குழலிக்கு அந்த எண் உடனே உறைக்கவில்லை. இருபத்தெட்டுக்குக் கீழே என்று மெதுவாக உள்ளே இறங்கியது.

“அப்ப மோட்டார்?”

“நிறுத்தும் ஆணை ரத்து செய்யப்படுகிறது. நானூற்றுப் பன்னிரண்டு இடங்களிலும்.”

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று ஜபருல்லா நினைத்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவள் அழவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக இறுகிக் கிடந்த கழுத்து நரம்பு தளர்ந்ததும் தலை நிற்க மாட்டேனென்றது, அவ்வளவுதான்.

போன் செய்தாள். வீரசேகர் எடுத்ததும் மோட்டார் சத்தம்தான் முதலில் கேட்டது.

“நிறுத்த வேணாமாம்.”

“என்ன?”

“நிறுத்த வேணாங்க!”

சத்தத்தில் கேட்கவில்லை போல. மூன்றாம் முறை அவள் கத்தியபோது பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் அவன் யாரிடமோ ஏதோ சொன்னான். பிறகு கொட்டகை முழுக்க ஆட்கள் கூவும் சத்தம், அதற்குமேல் மோட்டார் சத்தம். அவன் திரும்பி வந்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டான்.

அன்று மாலை அளத்துறையில் கழற்றிய கட்டில்களை மறுபடி பூட்டினார்கள். ரோகிணி வீட்டில் ஒரு கட்டிலுக்கு மரை காணாமல் போய், அவளும் கணவனும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். தெருவே கேட்டு ரசித்தது.

அதோடு முடியவில்லை. மறுவாரம் கேரளத்திலிருந்து ஒரு மறுகேட்பாளர் அழைத்து, எங்களுக்கும் ‘சும்மா’ உண்டே என்றார். கன்னடக்காரர்கள் ‘சும்னே’ என்றார்கள். தெலுங்கில் ‘ஊரிகே’ இருந்தது. வடக்கேயும் தேட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மொழியிலும் ஒரு சொல் அகப்பட்டது. பங்கு இருபத்தேழு ஆனது, பிறகு இருபத்தாறரை.

ஒரு சொல்லின் பொருளை மாற்றினால், பழைய பதிவுகளுக்கும் அதே பொருளைப் போட வேண்டும் என்பது விதி. தராசு முப்பத்தொரு வருஷக் கணக்கையும் திருப்பிப் போட்டது. புதிய கோடு ஒரு வெள்ளிக்கிழமை காலை திரையில் வந்தது.

குழலி பார்த்தாள். அது ஏறவில்லை. இருபத்தாறில் ஆரம்பித்து, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, இருபத்தாறரையில் வந்து நின்றது. முப்பத்தொரு வருஷமாக எல்லோரும் பயந்த ஏற்றம் அதில் இல்லவே இல்லை. அரசாங்கம் வீங்கவில்லை. கூட்டுக் குடும்பங்கள் உடைய உடைய, வீட்டுக்குள் வேலை கூடிக்கொண்டே போயிருந்தது. கேட்டபோது, சும்மா இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போயிருந்தார்கள்.

“அப்ப இத்தனை வருஷமா மூடினதெல்லாம்?” என்றாள்.

ஜபருல்லா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“கருவமுனைன்னு ஊர் கேள்விப்பட்டிருக்கியா?”

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி மூடினதுதானே சார்?”

“அது எங்க ஊரு.”

அவளுக்கு அது தெரியாது. அவர் ஒரு லாட்ஜுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் தனியாக இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

“சொந்த ஊரைக் கேட்கக் கூடாதுங்கற விதி அப்ப இல்ல. அந்த ஊர் அழைப்பை மறுகேட்டது நான். எங்க அக்கா குரலும் அதுல இருந்துச்சு. அஞ்சு பிள்ளையும் வலை பின்ற வேலையும். சும்மாதான் இருக்கேன்னு சொன்னா.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அவ குரலைக் கேட்டதும். சிரிச்சுக்கிட்டே ‘சரி’ போட்டேன்.”

“அக்கா இப்போ...?”

“இருக்கா, இருக்கா. பெரம்பலூர்ல. நேத்துக்கூடப் பேசினேன். கடலைப் பார்த்து ஒன்பது வருஷமாச்சுன்னு திட்டறா.”

குழலி மூச்சு விட்டாள்.

சட்டத்தில் இன்னொரு விதி இருந்தது. இதுவரை அதற்கு வேலையே வந்ததில்லை. பங்கு உச்சவரம்புக்குக் கீழே போனால், நிறுத்தியவற்றைக் கடைசியிலிருந்து வரிசையாகத் திரும்பத் தொடங்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை தராசு அந்தப் பட்டியலை அனுப்பியது. இருநூற்றுப் பத்துப் பக்கம். மருத்துவமனைகள், பேருந்துகள், படகுகள், ஊர்கள். ஜபருல்லா விரல் வைத்துத் தேடவில்லை. குழலிதான் தேடினாள். நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தது: கருவமுனை, மூன்று மோட்டார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘குடியிருப்போர் எவருமில்லை. ஒருவராவது முகவரி பதிந்தால் இறைப்பு தொடங்கும்.’

“எட்டடித் தண்ணி நிக்குது,” என்றார் ஜபருல்லா. “வடிய எத்தனை நாளாகும்? உன் வீட்டுக்காரரைக் கேளு.”

அவள் போனில் கேட்டாள். வீரசேகர் யோசிக்கவே இல்லை. “மூணு மோட்டார்னா அறுபது நாள். மோட்டார் துரு ஏறியிருக்கும். நான் வந்து பார்க்கறேன்னு சொல்லு.”

அவள் அதைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“முகவரிப் பதிவைத் திற.”

அவள் திறந்தாள். பெயர் கேட்டது, சொன்னார். ஊர் கேட்டது, சொன்னார். உடன் வசிப்பவர்கள் என்று கேட்டதும் அக்கா பெயரை முதலில் சொல்லிவிட்டு, ஐந்து பிள்ளைகளின் பெயரையும் வயது வாரியாகச் சொன்னார். கதவு எண் என்ற கட்டத்தில் குழலியின் விரல் நின்றது.

“கதவு எண் என்ன சார்?”

ஜபருல்லா கொஞ்சநேரம் நினைவுபடுத்திப் பார்த்தார். வரவில்லை.

“அறுபது நாள் பொறு,” என்றார். “தண்ணி வடிஞ்சதும் பார்த்துச் சொல்றேன்.”